கிதியோனின் துவாய்

துவாய் நனைந்திருந்தது. கொடிக்குக் கீழே மணல் காய்ந்து கிடந்தது.

றெஜினா பூசைக்கு உடுத்த சேலையோடு கிணற்றடியில் நின்று, துவாயின் நுனியை இரண்டு விரலால் தொட்டுப் பார்த்தாள். நம்பிக்கை வராமல் இரண்டு கையாலும் பிடித்துப் பிழிந்தாள்.

"அக்கா, ஈரம்!"

மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அருமைநாயகி, "நிலம்?" என்றாள்.

"காய்ஞ்சு கிடக்கு."

"எவ்வளவு தண்ணி வந்தது? கிதியோன் பிழிஞ்ச நேரம் ஒரு கிண்ணம் நிறைய வந்தது."

"ரெண்டு துளி."

அருமைநாயகி மதிலில் முழங்கையை ஊன்றினாள். "பரவாயில்லை. அவருக்கு ஒரு படையை வெல்லவேண்டி இருந்தது. உனக்கு ஒரு மனுசன்தானே திரும்பி வரவேணும்."

றெஜினா துவாயை முகத்தில் பொத்திக்கொண்டு அழுதாள். நாலு மாதத்தில் முதல் தடவையாக அது சந்தோச அழுகையாக இருந்தது. அதனால் அவளுக்கே அது பழக்கமில்லாமல் இருந்தது.

நீதித்தலைவர்கள் ஆகமத்தில் கிதியோன் ஆட்டுத்தோலை நிலத்தில் விரித்துவைத்து ஆண்டவரிடம் அடையாளம் கேட்டான். குருநகரில் கம்பளி ஆடு ஏது? இறைச்சிக்கடையில் வாங்கிய வெள்ளாட்டுத்தோலை முதல்நாளே காகங்கள் இழுத்துக்கொண்டு போய்விட்டன. ஆகவே றெஜினா அலுமாரிக்குள் மடித்து வைத்திருந்த கிறகோரி முகம் துடைக்கிற நீலத் துவாயை எடுத்து, கிணற்றுக் கட்டுக்குத் தள்ளியிருந்த கொடியில் போட்டாள். அவர் திரும்பி வருவதென்றால் விடியத் துவாய் நனைந்திருக்கட்டும், நிலம் காய்ந்திருக்கட்டும் என்று வேண்டினாள். வராவிட்டால் என்பதை அவளால் சொல்லி முடிக்க முடியவில்லை. ஆண்டவருக்கு விளங்கும் என்று விட்டுவிட்டாள்.

கிறகோரி, அவளுடைய கணவர், வீட்டைவிட்டுப் போனதும் ஓர் அடையாளத்தால்தான்.

அந்த ஒழுங்கைக்குள் இருந்த வீடுகளின் செபக்குழுவை அருமைநாயகிதான் நடத்தினாள். சூரியனிலும் சந்திரனிலும் நட்சத்திரங்களிலும் அடையாளங்கள் தோன்றும் என்று வேதத்தில் இருப்பதை, அவள் மின்வெட்டிலும் இறால் விலையிலும் பூனை போட்ட குட்டியிலும் கண்டுபிடித்துச் சொல்வாள். சந்திரன் இரத்தச் சிவப்பாகப் போகிறது என்ற செய்தி கைத்தொலைபேசியில் வந்த அன்று, றெஜினா புருசனின் படகு எஞ்சின் பிளக்கைக் கழற்றி அரிசி வாளிக்குள் புதைத்துவிட்டாள். உலகம் முடியும் நேரத்தில் அவர் கடலில் தனியே நிற்பதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அதை அன்பு என்றுதான் அவள் நினைத்தாள்.

உலகம் முடியவில்லை. கடலுக்குப் போன மற்றப் படகெல்லாம் பாரையும் சீலாவும் நிறைந்து வந்தன. பிறகொரு நாள் கிறகோரி பார்த்துக்கொண்டிருக்க, அவள் அரிசி அளந்த சுண்டுக்குள் பிளக் வந்து விழுந்தது.

அவர் ஏசவில்லை. பிளக்கை எடுத்துச் சாரத்தில் துடைத்தார்.

"நீ வானத்தையே பாத்துக்கொண்டிரு. வீட்டுக்கு ஆர் வாறது, ஆர் போறது எண்டு உனக்கென்னத்துக்கு?"

அவ்வளவுதான் சொன்னார். பாசையூர்க் கரையில் மச்சானுக்கு ஒரு வாடி இருந்தது. வலையும் எஞ்சினும் வைக்கிற ஓலைக்கொட்டில். அங்கே போய்ப் படுத்துவிட்டார். நடந்தே போய்விடக்கூடிய தூரம். அவளும் போகவில்லை, அவரும் வரவில்லை.

கடல்காரன் பெண்சாதி சந்தையில் மீன் வாங்குவதை ஊர் பார்த்தது. பக்கத்து அறையை வாடகைக்கு எடுத்திருந்த தாதி தயாளினி, பருத்தித்துறைப் பிள்ளை, வந்த புதிதில் "அங்கிள் எங்கை அன்ரி?" என்று கேட்டாள். "தொழிலுக்குப் போறவர்" என்றாள் றெஜினா. அது பொய்யில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அந்தப் பிள்ளை விடிய வேலைக்குப் போனால் பொழுதுபட்டு வந்து விழுந்து படுக்கிறவள். அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை.

இப்போது கனடாவிலிருந்து மகன் ஜெயசுதன் நெருக்கிக்கொண்டிருந்தான். விசா சரிவந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அம்மா ஓம் என்று சொன்னால் ரிக்கெற் போடுவான். போனால் போனதுதான். வீட்டைப் பூட்டித் திறப்பைத் தம்பி லெனாட்டிடம் கொடுக்கவேண்டியதுதான். அவர் வருவாரென்றால் அவள் நிற்பாள். அதைத் தெரிந்துகொள்ளத்தான் துவாய்.

லெனாட் பின்வளவில்தான் இருந்தான். செய்தி கேட்டுப் பல்லுத் தீட்டிக்கொண்டே வந்தான்.

"அக்கா, இது தை மாசம். பனி கொட்டுது. ஊரிலை கொடியிலை கிடக்கிற எல்லாம் ஈரம்தான். என்ரை சாரமும்தான் ஈரம். அப்ப எனக்கு ஆர் திரும்பி வாறது?"

றெஜினாவின் கை துவாயிலிருந்து மெல்ல இறங்கியது.

"நான் போய் அத்தானைக் கேட்டுக்கொண்டு வரட்டே? சைக்கிளிலை போனா..."

"வேண்டாம்!" என்றாள் அருமைநாயகி மதிலுக்கு மேலால். "ஆண்டவரிட்டை அடையாளம் கேட்டிட்டு ஆளும் அனுப்பினா, அவரை நம்பேல்லை எண்டாகிடும்."

"வேண்டாமடா" என்றாள் றெஜினாவும். அவளுக்குக் காரணம் வேறு. கேட்டு, இல்லையென்று கிறகோரி தன் வாயால் சொல்லிவிட்டால், பிறகு கேட்பதற்கு ஆண்டவரும் இருக்கமாட்டார்.

"கிதியோனும் முதல்தரம் நம்பேல்லை" என்று அருமைநாயகி வழிகாட்டினாள். "ரெண்டாந்தரம் மாறிக் கேட்டவர். துவாய் காய்ஞ்சிருக்கவேணும், நிலம் நனைஞ்சிருக்கவேணும்."

அடுத்தநாள் பூசை முடிந்து வந்தபோது நிலம் நனைந்திருந்தது. சாதாரண நனைவில்லை. கொடியைச் சுற்றிச் சேறாகி, செருப்புப் புதைந்தது. துவாயும் நனைந்திருந்தது.

"ரெண்டும் ஈரம்" என்றாள் றெஜினா. "இப்ப இதுக்கு என்னக்கா?"

அருமைநாயகி நெடுநேரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். "நோவாவின்ரை காலம்" என்றாள் கடைசியில்.

லெனாட்டின் கால்சட்டை முழங்கால்வரை சேறாக இருந்ததை அப்போதுதான் றெஜினா கண்டாள்.

"நீயா ஊத்தினனி?"

"அக்கா, நீ அழுறதைப் பாக்கேலாமல்... ராத்திரிப் படுக்க முன்னம் ரெண்டு வாளி..."

"ரெண்டு வாளியே?"

"பத்து. ஆனா நிலத்துக்கு மட்டும்தான். துவாயிலை நான் கைவைக்கேல்லை. அந்தோனியாரறிய!"

"அப்ப துவாய் எப்பிடி நனைஞ்சது?"

"அதுதான் சொன்னனே, பனி."

அவள் அவனை நம்பவில்லை. ஆண்டவரையும் அன்று அவ்வளவாக நம்பவில்லை. தம்பி ஊற்றிய தண்ணீருக்கும் வானம் தந்த தண்ணீருக்கும் வித்தியாசம் காணத் தெரியாதவள், எதைக் கண்டு எதை நம்புவது? அன்று முழுக்க அவள் குசினிக்குள் இருந்தாள். இரண்டுபேருக்குச் சமைத்துவிட்டு, ஒருவர் பங்கை நாய்க்கு வைத்தாள். நாலு மாதமாகியும் கை அளவு மறக்கவில்லை.

மூன்றாந்தரம் துவாயைக் கொடியிலிருந்து எடுத்து, கிணற்றடித் தகரக் கொட்டிலுக்குள் ஆணியில் கொழுவினாள். பனி விழாது. லெனாட்டிடமும் இரவு வெளியே வரக்கூடாதென்று சத்தியம் வாங்கினாள். விடியமுன், இப்போதெல்லாம் செய்வதுபோல, குசினிக் கதவை உள்ளே கொண்டி போட்டுப் பூட்டிவிட்டு, முன்வாசலால் கோயிலுக்குப் போனாள்.

முன்பெல்லாம் அவள் விடியற்பூசைக்குப் போனதில்லை. அது கிறகோரி கடலால் வரும் நேரம். கல்யாணம் முடித்த நாளிலிருந்து அந்த நேரத்தில் குசினிக் கதவைத் திறந்துவைத்து, பிளேன்ரீ ஊற்றி மூடிவைப்பாள். இப்போது அந்த நேரத்தில் அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டு வீட்டுக்குள் இருக்க முடியவில்லை. கோயிலில் முழந்தாளில் நிற்கும்போதும் அவள் காதுக்கு எட்டியது செபமில்லை, மூடிவைத்த பிளேன்ரீ ஆறுகிற அமைதிதான்.

அன்று துவாய் நனைந்திருந்ததோடு, நடுவில் கறுப்பாக ஓர் ஊத்தையும் இருந்தது.

அருமைநாயகி மதில் சுற்றி வந்து பார்த்தாள். பார்த்ததும் மணலில் முழந்தாளிட்டாள்.

"என்ரை ஆண்டவரே. முகம்!"

"எந்த முகம்?"

"கண் தெரியேல்லையே உனக்கு? இது நெத்தி. இது மூக்கு. கீழே பார், தாடி. சிலுவைப்பாதையிலை வெரோணிக்கா துடைச்ச துணியிலை பதிஞ்ச அதே முகம்!"

றெஜினா கிட்டப் போய்ப் பார்த்தாள். தள்ளி நின்று பார்த்தாள். கண்ணைச் சுருக்கினாள். அவளுக்குத் தெரிந்தது ஓர் ஊத்தை. ஆயுள் முழுக்கத் தோய்த்த அதே மாதிரி ஊத்தை. எஞ்சின் எண்ணெய் மணத்தது. அலுமாரிக்குள் கிடந்தும் அவர் மணம் இன்னும் விடவில்லை என்று நினைத்தாள்.

மத்தியானத்துக்குள் ஒழுங்கை நிறைந்துவிட்டது. மெழுகுதிரி வந்தது, மல்லிகைப்பூ வந்தது, கைத்தொலைபேசிகள் வந்தன. முழங்கால் நோவென்று ஒருத்தி முழங்காலைக் கொட்டிலின் தூணில் தேய்த்தாள். பிள்ளைக்குச் சோதினை என்று ஒருத்தி பேனையைத் துவாயில் முட்டவைத்தாள். எல்லோரும் முகத்தைக் கண்டார்கள். கண்ணாடி போடாத கிழவர்கூடக் கண்டார்.

"முள்முடியும் தெரியுது" என்றார் ஒருவர்.

"இடப்பக்கம் ஒரு கண்ணீர்த் துளி" என்றாள் இன்னொருத்தி.

"உனக்குத் தெரியுதா றெஜினா?"

"ஓம்" என்றாள் றெஜினா.

அந்தப் பொய் அவளை உள்ளுக்குள் முறித்துப்போட்டது. அவள் வீட்டில், அவள் கேட்ட அடையாளம். ஊருக்கெல்லாம் தெரிகிறது, அவளுக்கு மட்டும் தெரியவில்லை. ஆண்டவர் அவளுடைய கிணற்றடிவரை வந்து, அவளைத் தவிர்த்து எல்லோரோடும் கதைத்துவிட்டுப் போகிறார். இவ்வளவு கிட்ட வந்து விலகிப் போவதற்கு அவர் வராமலே இருந்திருக்கலாம்.

பின்னேரம் சனம் கலைந்ததும் அவள் துவாயை எடுத்துச் சவுக்காரம் போட்டுக் கல்லில் அடித்து அடித்துத் தோய்த்தாள். ஊத்தை போய்விட்டது. நிம்மதியாக இருந்தது. ஈரத்தைக் கொடியில் காயவிட்டு, காய்ந்ததைத் திரும்பவும் அதே ஆணியில் கொழுவினாள். எதற்கென்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. வெறும் ஆணியைப் பார்க்க முடியவில்லை.

சனிக்கிழமை விடிய முகம் திரும்பவும் வந்திருந்தது. முந்தினதிலும் கறுப்பாக.

"தோய்ச்சும் போகேல்லை!" அருமைநாயகியின் குரல் அடுத்த ஒழுங்கைக்கும் கேட்டது. "சவுக்காரம் போட்டு அடிச்சும் போகாத முகம்!"

இப்போது பாசையூரால் வந்தார்கள், நாவாந்துறையால் வந்தார்கள். ஒரு வான் கட்டிக்கொண்டு சில்லாலையால் வந்தார்கள். குசினி வாசலில் ஒருவன் சோடாப்பெட்டி இறக்கி விற்கத் தொடங்கினான். லெனாட் கயிறு கட்டி வரிசை ஒழுங்குபடுத்தினான். கிணற்றுத் தண்ணீரைப் போத்தலில் நிரப்பிக்கொண்டு போனார்கள். மத்தியானம் கிணறு வற்றிச் சேறு தெரிந்தது. அதையும் ஓர் அடையாளம் என்று அருமைநாயகி விளக்கினாள்.

"இரவிலை வெளியிலை விடக்கூடாது. காகம் கொத்தும், கள்ளன் எடுப்பான்" என்று அவளே துவாயை எடுத்து, திருஇருதயப் படத்துக்குக் கீழே மேசையில் கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்தாள். றெஜினா தடுக்கவில்லை. சட்டத்துக்குள் வைக்கமுன் துவாயை வாங்கி ஒருமுறை மணந்து பார்த்தாள். சவுக்காரத்தையும் மீறி எண்ணெயும் வேர்வையும் மணத்தது. விசர் பிடித்தால் இப்படித்தான் மணக்குமாக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

ஞாயிறு பூசை முடிந்ததும் பங்குத்தந்தை பிரகாஸ் பாதர் நேரே அவள் வீட்டுக்கு வந்தார். பின்னால் பாதிக் கோயிலும் வந்தது. பாதர் இளம் ஆள். கண்ணாடிக்குள் இருந்ததை வெகுநேரம் பார்த்தார்.

"ஆயர் இல்லத்துக்கு அறிவிக்கவேணும் பாதர்" என்றாள் அருமைநாயகி.

"பொறுங்கோ அக்கா. தீய தலைமுறைதான் அடையாளம் கேக்கும் எண்டு இயேசு சொன்னவர். யோனாவின்ரை அடையாளம் ஒண்டைத்தவிர வேறையொண்டும் தரமாட்டன் எண்டும் சொன்னவர்."

"பாதர், யோனா மீனுக்குள்ளை மூண்டு நாள்தானே" என்றான் லெனாட். "எங்கடை அத்தான் வாடிக்குள்ளை நாலு மாசம்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். பாதர் றெஜினாவின் பக்கம் திரும்பினார்.

"நீங்கள் கிறகோரியோடை கதைச்சுப் பாத்தனீங்களோ?"

"நான் ஆண்டவரோடை கதைச்சுக்கொண்டிருக்கிறன் பாதர்."

"ஆண்டவர் என்ன சொல்லுறார்?"

எல்லோரும் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்த நேரம் மேசையில் கிடந்த அவளுடைய கைத்தொலைபேசி அடித்தது. ஜெயசுதன்.

"அம்மா, ஞாயிற்றுக்கிழமை. என்ன முடிவு?"

அவள் கண்ணாடிச் சட்டத்தைப் பார்த்தாள். கடைசியாக ஒருதரம் உற்றுப் பார்த்தாள். நெற்றியைத் தேடினாள், மூக்கைத் தேடினாள், தாடியைத் தேடினாள். ஊத்தைதான் தெரிந்தது. இத்தனை நாள் தான் கேட்டது ஒரு மனுசனை. தனக்குக் கிடைத்தது ஒரு திருவிழா. வருவார், வரமாட்டார் என்று ஒரு சொல்லைச் சொல்ல வானத்துக்கு மனமில்லை. மனமில்லாததும் ஒரு பதில்தான் என்று அவளுக்குப் பட்டது.

"போடு மோனை" என்றாள். "ரிக்கெற்றைப் போடு. இஞ்சை எனக்கு ஒருத்தரும் இல்லை."

"அம்மா, அழாதையுங்கோ."

"நான் அழேல்லை."

அழவில்லைத்தான். அழுவதற்கு உள்ளே எதுவும் மிச்சமிருக்கவில்லை. அவள் போனை வைத்துவிட்டு, "பாதர், உந்தத் துவாயைக் கோயிலுக்கே கொண்டுபோங்கோ. எனக்கு வேண்டாம்" என்றாள். அருமைநாயகி செபமாலையை எடுத்தாள். சனம் சிலுவை அடையாளம் போட்டது.

அப்போது பக்கத்து அறைக் கதவு திறந்தது. தயாளினிக்கு அன்று லீவு. கலைந்த தலையும் கையில் வாளியுமாய் வந்தவள், விறாந்தை நிறைந்த சனத்தையும் மெழுகுதிரிகளையும் கண்டு திகைத்து நின்றாள். பிறகு மேசையைக் கண்டாள்.

"அன்ரி, உந்தத் துவாய் உள்ளுக்கையே கிடக்கு? அங்கிள் கிணத்தடியெல்லாம் தேடினவர்."

செபமாலை நின்றது.

"எந்த அங்கிள்?" என்றாள் றெஜினா. குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"எங்கடை அங்கிள்தான் அன்ரி; ஒவ்வொரு நாளும் விடியத் தொழிலாலை வந்து அந்த எண்ணெய் முகத்தைக் கழுவித் துடைச்சுப்போட்டு, குசினிக் கதவைத் தள்ளிப் பாத்திட்டு, 'எனக்கெண்டு துவாயும் போட்டு வைக்கிறா, கதவையும் பூட்டி வைக்கிறா, இதுக்கு என்ன அர்த்தம் பிள்ளை' எண்டு என்னட்டைக் கேப்பார், நான் நீங்கள் நித்திரையாக்கும் எண்டு சொல்லுவன்; இண்டைக்குத் துவாயையும் காணேல்லை எண்டவுடனை, 'இப்ப விளங்கிட்டுது' எண்டு சொல்லிப்போட்டுப் படலையைச் சாத்திக்கொண்டு போட்டார்."